பேக்கப் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

வீட்டுக் கணினியில் உள்ளதற்கெல்லாம் பேக்கப் இருக்கிறதா என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் "ஓம், இருக்கு" என்றுதான் பதில் வரும். எங்கே என்று கேட்டால்தான் சிக்கல் வெளியே வரும்.

பலருக்கு அது டி டிரைவில் இருக்கும். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு துண்டுகள். விண்டோஸைத் திரும்பப் போடும்போது அது உதவும், சரி. டிஸ்க் பழுதானால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

வெளியே தனி ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்களும் அதைக் கணினியில் செருகியபடியே விட்டுவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் கணினியைத் தாக்குவது அதில் செருகியிருக்கும் டிஸ்க்கையும் தாக்கலாம். யூபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். அது கரண்ட் கட்டுக்கு நல்லது. பக்கத்தில் விழும் மின்னலுக்கு அதை நம்ப முடியாது. ரௌட்டர் வயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். மின்னலை விடுங்கள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்கள் இருக்கின்றன. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை அந்த வகைதான். இவை கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்கையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே பிரதி எடுத்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

கழற்றியதை எங்கே வைப்பது? அதே அறையில், அலுமாரியின் கீழ்த் தட்டில் வேண்டாம். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது இத்துறையில் பலரும் சொல்லும் கணக்கு. கடைசியில் உள்ளது நம்மவர்களுக்குச் சுலபம். கொழும்பிலோ லண்டனிலோ யாராவது ஒருவர் இருப்பார். ஊருக்கு வந்து திரும்பும்போது ஒரு டிஸ்க்கைக் கொடுத்துவிடலாம்.

இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் கூகிள் டிரைவ், ஒன்டிரைவ் இருக்கப் பயமென்ன என்று கேட்கலாம். இவை பெரும்பாலும் ஒத்திசைவு வேலைதான் செய்கின்றன. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அங்கும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் அதுவும் இல்லை. கூகிள் இலவசமாகத் தரும் 15 ஜிபி மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான். ஒன்டிரைவ் 5 ஜிபி. நிரம்பியதும் புதிய கோப்புகள் மேலே ஏறாது. அறிவிப்பு வரும்தான், யார் பார்க்கிறார்கள்? சாமத்திய வீட்டுப் படங்கள் வட்ஸ்அப் குழுவில் கிடக்கின்றன என்று ஆறுதல்படுவது இதைவிட மோசம். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். பெரிதாக அச்செடுத்துப் பார்த்தால் தெரியும். பென் டிரைவ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத்தான், வருடக்கணக்கில் வைத்திருக்க அல்ல.

எடுத்த பிரதியை ஒருநாளும் திறந்து பார்க்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. இன்னொரு கணினியில் செருகிப் பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். அப்போதுதான் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய கடிதங்களும், இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகங்களும் வெறும் ஆங்கில எழுத்துகளாகக் கிடப்பது தெரியவரும். அந்த எழுத்துருவையும் அதே டிஸ்க்கில் போட்டு வையுங்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் பாதுகாப்புக்காகத் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்ட் பழுதாகி டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. அது வழக்கமாக உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை யாரோ கடைக்காரர் தன் மின்னஞ்சலில் தொடங்கித் தந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். சாவியைத் தாளில் எழுதிக் காணி உறுதியோடு வையுங்கள்.