வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: சரி சொல்வதற்கு முன்னால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதினியின் மகள் ஒரு கவரோடு வந்தாள். பாளையங்கோட்டையில் எம்.ஏ. இங்கிலீஷும் பி.எட்.டும் முடித்த பிள்ளை. தாய்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, மாதம் 25,000 பாட் சம்பளம், பத்து நாளுக்குள் சரி சொல்ல வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். "அத்தை, போகட்டுமா?" என்று கேட்டாள்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2013 முதல் 2017 வரை மாலத்தீவில் ஒரு சின்னத் தீவில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். போ என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல், ஒரு பென்சிலைக் கையில் கொடுத்து அந்தக் கடிதத்தை வரிவரியாகப் படிக்கச் சொன்னேன்.

முதலில் சம்பளம். கடிதத்தில் இருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள்; வீட்டுக்கு வந்து சேரும் ரூபாயைப் பாருங்கள். என் கணக்கையே சொல்கிறேன். 2014இல் எனக்கு மாதம் 10,000 ருஃபியா, அதுதான் மாலத்தீவுப் பணம். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்ற அரசு விலையில் பார்த்தால், அன்றைக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய். அம்மா அந்த 40,000த்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். சாப்பாடு, போன், படகுக் கூலி எல்லாம் போக என் கையில் மிஞ்சியது 6,500 ருஃபியா. அங்கே டாலர் தட்டுப்பாடு. பேங்கில் கேட்ட அளவுக்குக் கிடைக்காது. வெளியே ஒரு டாலருக்கு 16.50 ருஃபியா கொடுத்துத்தான் வாங்கினேன். கடைசியில் வீரவநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது 24,000 ரூபாய். அதுவும் நல்ல பணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 40,000 வரும் என்று நம்பி வீட்டுக்கடன் தவணை பேசியிருந்தோம். முதல் ஆறு மாதம் நான் பட்ட பாடு அதனால்தான்.

அதனால் மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள். சம்பளம் எந்த நாணயத்தில்? மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடியும்? வீட்டு வாடகை யார் பொறுப்பு? கரண்ட், தண்ணீர் பில்லையும் சேர்த்துக் கேளுங்கள். வெயில் நாட்டில் ஏசி இல்லாமல் முடியாது, பில் கனமாக வரும்.

தாய்லாந்துக் கடிதத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. ஒப்பந்தம் பத்து மாதம். அங்கே பள்ளி மே நடுவில் திறந்து மார்ச்சில் முடியும், அக்டோபரில் ஒரு இடைவிடுமுறை. ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள் சிலருக்கு அந்த விடுமுறை மாதங்களில் சம்பளம் கிடையாது. அப்படியானால் 25,000த்தைப் பத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். அவளே போட்டுப் பார்த்தாள், மாதம் 20,833. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வேலை நேரத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். வாரம் 22 பீரியட் என்று போட்டிருக்கும். காலை ஏழரைக்கு கேட்டில் நின்று பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்வது, சனிக்கிழமை ஆங்கில முகாம், மாலை ட்யூஷன் எல்லாம் அந்த 22இல் வராது. பீரியட் எத்தனை என்பதோடு, பள்ளிக்கூடத்தில் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. அதே பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் ஒரு இந்திய டீச்சரின் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே யோசிக்க வேண்டும். அவரிடம் "ஸ்கூல் நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார், பாவம், அவருக்கும் பயம் இருக்கும். "போன மாசம் சம்பளம் எந்தத் தேதி வந்தது?" என்று கேளுங்கள். "உங்களுக்கு முன்னால் இருந்த டீச்சர் ஏன் போனார்?" என்று கேளுங்கள். "காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள்?" என்றும் கேளுங்கள். ஒரு ஜூன் மாதம் எனக்குக் காய்ச்சல் 103. தீவில் ஒரு சின்ன சுகாதார நிலையம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் படகில் போக வேண்டும், கடல் கொந்தளிப்பில் இரண்டு நாளாகப் படகு இல்லை. பக்கத்து வீட்டு தாத்தா ஒருவர் இளநீர் வெட்டிக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார். இதெல்லாம் போவதற்கு முன்னால் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விசாவில் விட்டுக்கொடுக்கவே கூடாது. "டூரிஸ்ட் விசாவில் வாங்க, அப்புறம் மாற்றிக்கலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தாய்லாந்தில் டூரிஸ்ட் விசாவில் வேலை செய்வது சட்டப்படி குற்றம். அங்கே வேலைக்கு நான்-இமிகிரன்ட் பி விசாவும் வொர்க் பெர்மிட்டும் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களிடம் டோயிக் 600 அல்லது ஐஈஎல்டிஎஸ் 5.5 போன்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்பார்கள். கொரியாவின் ஈ-2 ஆசிரியர் விசா பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன் போன்ற ஏழு ஆங்கில நாட்டுக்காரர்களுக்கானது. நம் பாஸ்போர்ட்டுக்கு அதை எளிதாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ரொம்பக் கவனமாக இருங்கள்.

ஏஜென்ட் விஷயம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், ரசீதோடு. இந்தப் பிள்ளையிடம் கேட்டது ஒன்றரை லட்சம், ரசீது பற்றிப் பேச்சே இல்லை. தமிழ்நாடு அரசே சென்னையில் ஒரு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது, அங்கே ஆசிரியர் வேலை அறிவிப்பு வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்கு, அதாவது உண்மையானது என்று முத்திரை வாங்க, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று அலைச்சல் உண்டு, வாரக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே தொடங்குங்கள். போலீஸ் சான்றிதழுக்குத் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே விண்ணப்பிக்கலாம். ஒரிஜினல் டிகிரியையோ பாஸ்போர்ட்டையோ யாரிடமும் அடமானம் போல விட்டுவைக்காதீர்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. விசா குத்திய கையோடு திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

அன்று ராத்திரியே எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பள்ளிக்கு நேராக ஒரு மெயில் எழுதினாள். விடுமுறைச் சம்பளம், வாடகை, இப்போதைய டீச்சரின் நம்பர், விசா வகை என்று நான்கே கேள்வி. மூன்றாம் நாள் பதில் வந்தது. வாடகை பள்ளியே தரும், விடுமுறைக்குச் சம்பளம் இல்லை, கோட்டயத்து டீச்சர் ஒருவரின் நம்பர் இதோ என்று. விசா பற்றி மட்டும் "ஏஜென்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். மறுபடியும் கேட்டு எழுதியிருக்கிறாள். பத்து நாள் கெடு தாண்டிவிட்டது, ஏஜென்ட் தினமும் போன் போடுகிறார். பணம் இன்னும் கட்டவில்லை.