ஜிம்முக்குப் புதிதா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

ஜிம்மில் சேர்ந்ததும் மாஸ்டர் ஒரு அட்டவணை கொடுப்பார். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர் என்று ஆறு நாளும் நிரம்பியிருக்கும். பல வருடமாகத் தூக்குபவர்களுக்கு அது சரிப்படலாம். புதிதாக வருபவருக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் பயிற்சி என்பதே தாராளம். அட்டவணையைவிட முக்கியம், தூக்கும் எடை மெல்ல மெல்ல ஏறுவது. போன வாரம் எவ்வளவு தூக்கினோம் என்று தெரியாமல் இந்த வாரம் எப்படி ஏற்றுவது? அதற்குத்தான் நோட்டு.

தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 1940-களில் இதைத்தான் செய்தார். போரில் அடிபட்ட வீரர்களுக்கு லேசான பயிற்சி கொடுப்பதுதான் அன்றைய வழக்கம். அவரோ கனமான எடையைத் தூக்கவைத்து, படிப்படியாக ஏற்றினார். பத்துப் பத்து ரெப்பாக மூன்று செட் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், நிறுத்தாமல் செய்யும் ரெப்களின் தொகுதி ஒரு செட்) என்று இன்று எல்லா ஜிம்மிலும் சொல்கிறார்களே, அது பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

படி 1: ஆறு பயிற்சிகள் போதும்

முதல் நாள் ஸ்குவாட் (பாரை, அதாவது எடை மாட்டும் நீளமான இரும்புக் கம்பியை, முதுகின் மேல் தாங்கி உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), ரோ (குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த நாள் டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் பாரைத் தூக்கி நிமிர்வது), ஓவர்ஹெட் பிரஸ் (பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது), லேட் புல்டவுன் (மெஷினில் உட்கார்ந்து, மேலே இருக்கும் கம்பியை நெஞ்சுவரை இழுப்பது). இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஒவ்வொன்றிலும் மூன்று செட், டெட்லிஃப்ட்டில் மட்டும் இரண்டு. செட்டுகளுக்கு இடையில் இரண்டு நிமிடமாவது உட்காருங்கள். பைசெப்ஸ் கர்ல் ஆசை எல்லோருக்கும் இருக்கும். கடைசியில் இரண்டு செட் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

படி 2: வெறும் பாரில் தொடங்குங்கள்

ஒலிம்பிக் பாரின் எடை 20 கிலோ. ஆனால் தெருமுனை ஜிம்களில் இருக்கும் ஒல்லிப் பார்கள் அதைவிட லேசாக இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு நோட்டில் எழுதுங்கள். வெறும் பாரே கனமாகத் தெரிந்தால் டம்பெல்லில் தொடங்கலாம்.

ஸ்குவாட்டைக் கற்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பார் கழுத்தெலும்பின் மேல் இருக்கக் கூடாது. அதற்குக் கீழே, முதுகின் மேற்பகுதிச் சதையில் உட்கார வேண்டும். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, பாதங்களைக் கொஞ்சம் வெளியே திருப்பிக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல் வயிற்றை இறுக்கி, அப்புறம் இறங்குங்கள். முட்டி பாதம் பார்க்கும் திசையிலேயே போகட்டும். குதிகால் தரையைவிட்டு எழும்பக் கூடாது. தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்கி எழுந்தால்தான் அது ஒரு ரெப். பஸ்கி எடுத்துப் பழகியவர்களுக்கு இதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

டெட்லிஃப்ட்டில் முதுகு வளையாமல், பார் காலை ஒட்டியே மேலே வரட்டும். பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பின்னால் ஒருவர் நிற்கட்டும்; ஆள் இல்லாத நாளில் டம்பெல்லில் செய்துகொள்ளுங்கள்.

பிபி, டிஸ்க் பிரச்சினை, இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

படி 3: ஏற்றும் முறை

ரோவில் 30 கிலோ வைத்து 8, 8, 8 ரெப் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முறையும் அதே 30 கிலோதான், ஆனால் 9, 9, 8-க்கு முயலுங்கள். இப்படியே மூன்று செட்டிலும் 12 வந்ததும் 32.5 கிலோ வைத்து, மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள். டெட்லிஃப்ட்டுக்கு மட்டும் ஐந்திலிருந்து எட்டு ரெப் போதும். எந்த செட்டையும் உயிரைக் கொடுத்து முடிக்க வேண்டாம். இன்னும் இரண்டு ரெப் வரும் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள்.

ஒரு சிக்கல்: பல ஜிம்களில் மிகச் சிறிய பிளேட் (பாரில் மாட்டும் எடை வட்டு) 2.5 கிலோதான். இரண்டு பக்கமும் போட்டால் ஒரேயடியாக 5 கிலோ ஏறிவிடும். ஸ்குவாட்டுக்குப் பரவாயில்லை, ஓவர்ஹெட் பிரஸ்ஸுக்கு அது மலை. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முதல் சில வாரங்களில் எடை வேகமாக ஏறும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அந்த பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக வேலை வாங்கப் பழகுவதால் வருவது. சதை போடுவது கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

படி 4: தட்டைப் பாருங்கள்

உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதுமானது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 96 கிராம். இட்லி, சாம்பார், தயிர்சாதத்தில் மட்டும் அதை எட்டுவது கஷ்டம். நான்கு முட்டையில் சுமார் 24 கிராம், அரை லிட்டர் பாலில் 16, 150 கிராம் வெந்த கோழி நெஞ்சுக்கறியில் 45 கிராம் கிடைக்கும். மீதி பருப்பிலும் சோற்றிலும் வந்துவிடும். சைவக்காரர்களுக்கு மலிவான வழி மீல்மேக்கர்: உலர்ந்த 50 கிராமில் 25 கிராம் புரதம். கொண்டைக்கடலைச் சுண்டல், பனீர், வேர்க்கடலை எல்லாம் கூடவே இருக்கட்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள். புரோட்டீன் பவுடர் வசதிக்குத்தான், கட்டாயமில்லை.

எடை நின்றுவிட்டால்

ஒரே எடையில் தொடர்ந்து மூன்று முறை ரெப் ஏறவில்லை என்றால், முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் எடையைப் பத்து சதவீதம் குறைத்து, அங்கிருந்து மறுபடி ஏறுங்கள். காய்ச்சலில் படுத்தோ ஊருக்குப் போயோ இரண்டு வாரம் விட்டுப்போனாலும் இதே கணக்குதான்.