மூளைப் படச் செய்தியை வாசிக்கும் முறை

"மாமா, ஸ்கான் எடுத்தால் நானும் அப்பாவைப் போல் குடிகாரன் ஆவேனா என்று தெரியுமா?" கொக்குவிலில் மருமகன், மூளை ஸ்கானில் குடிப்பழக்க ஆபத்துத் தெரியும் என்ற செய்தியோடு பத்திரிகையை நீட்டினான். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான், விட முடியுமா?

முதலில், ஸ்கானுக்குள் படுத்திருந்தவருக்கு என்ன காட்டினார்கள் என்று தேடுங்கள். கோப முகம், பயந்த முகம் என்றால் அச்சுறுத்தலுக்கு விழிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலாவைப் பார்க்கிறார்கள். சீட்டை ஊகித்துக் காசு வெல்ல விட்டால் வெகுமதிக்குத் துள்ளும் பகுதியான வென்ட்ரல் ஸ்ட்ரியேட்டத்தைப் பார்க்கிறார்கள். படத்தில் தெரியும் சிவப்புப் புள்ளி ஆசையின் புகைப்படம் அல்ல. இரத்த ஒட்சிசன் மாற்றத்தில் கணித்த வேறுபாடு.

பிறகு இந்த இரண்டு பகுதிகளின் முடிவையும் சேர்த்தே வாசியுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தின் 2012 ஆய்வில், வெகுமதித் துள்ளல் கூடி அச்ச விழிப்புக் குறைந்த மாணவர்களிடம் மன அழுத்தம் கூடும்போது குடிச் சிக்கலும் கூடியது. 2016 ஆய்வில், வெகுமதித் துள்ளல் குறைந்து அச்ச விழிப்புக் கூடிய தலைகீழ்ச் சேர்க்கையிலும் அதே ஆபத்துத் தெரிந்தது.

எல்லாம் கூட்டத்தின் சராசரி. தனியொருவனின் சாதகக் குறிப்பு அல்ல. ஸ்கான் காசில் சைக்கிள் டயரை மாற்றச் சொன்னேன். எந்தச் சண்டைக்குப் பிறகு தவறணைப் பக்கம் கால் போகிறது என்று நாட்காட்டியில் குறிக்கவும் சொன்னேன்.