கினி பிக் கூடு: தரையிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் வீட்டில் கினி பிக் என்கிற, வாலில்லாத சின்னக் கொறிக்கும் பிராணிகள் இரண்டு இருக்கின்றன. கறுப்பாக இருப்பவள் மிளகு, பழுப்பாக இருப்பவள் வெல்லம். பெயர் வைத்தது என் மகள். ஈரோட்டில் வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறேன்; அந்த அறையில் பாதி இப்போது இந்த இரண்டு பேருக்கும்தான்.

வாங்கியபோது கூடவே ஒரு கூண்டும் கொடுத்தார்கள். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். அடியில் கம்பி வலை, அதற்குக் கீழே இழுத்து எடுக்கிற தட்டு. புழுக்கை வலை வழியாகக் கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது சுலபம் என்றார்கள். நானும் நம்பினேன். மூன்றாவது மாதம் வெல்லம் பின்னங்காலைச் சரியாக ஊன்றாமல் நடக்க ஆரம்பித்தாள். தூக்கித் திருப்பிப் பார்த்தால் உள்ளங்கால் சிவந்து, தோல் தடித்து, நடுவில் ஒரு பொருக்கு. கால்நடை மருத்துவர் களிம்பு எழுதித் தருவதற்கு முன்பே கூண்டைப் பற்றித்தான் கேட்டார். "கம்பித் தரை இருக்கிறவரைக்கும் எந்த மருந்தும் நிற்காது" என்றார்.

கினி பிக்கின் உள்ளங்காலில் முடி கிடையாது. வெறும் தோல். முன்னங்காலில் 4 விரல், பின்னங்காலில் 3 விரல். வளர்ந்த உடம்பின் ஒரு கிலோ எடை முழுவதும் அதன் மேல்தான். பூனை மாதிரி மேலே ஏறி உட்காராது, கிளி மாதிரி குச்சியில் நிற்காது. நாம் விரித்த தரையில்தான் இரவும் பகலும் கிடக்கும். அதனால் கூடு கட்ட நினைப்பவர்களிடம் நான் முதலில் பேசுவது தரையைப் பற்றித்தான்.

ஆனாலும் அளவை முடிவு செய்யாமல் தரை போட முடியாது, அதைச் சொல்லிவிடுகிறேன். கினி பிக் கூட்டமாக வாழும் பிராணி, ஒன்றை மட்டும் தனியாக வைக்கக் கூடாது. இரண்டுக்குக் குறைந்தது ஏழரை சதுர அடி வேண்டும் என்பார்கள். என் அனுபவத்தில் அது போதாது, பத்துக்கு மேல் போங்கள். உயரத்தை நம்பி மாடி மாடியாக அடுக்குவதில் பயன் இல்லை, அவை ஓடுவது தரையில்தான். நீளமாக இருந்தால் சாயங்கால வேளையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பாய்ந்து, நடுவில் சோளப்பொரி வெடிப்பது போல ஒரு துள்ளு துள்ளும். பழைய கூண்டில் அதை நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்னொன்று, வாங்கும்போது ஆண் பெண் பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். பெண் குட்டி நாலைந்து வாரத்திலேயே சினை பிடித்துவிடும்.

கூட்டுக்கு நான் வாங்கியது துணி அடுக்கும் கம்பிக் கட்டங்கள். 14 அங்குலச் சதுரமாக, பிளாஸ்டிக் இணைப்புகளோடு ஆன்லைனில் கிடைக்கின்றன. கம்பிகளுக்கு நடுவே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் வாங்காதீர்கள், குட்டிகள் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். நீளத்துக்கு நான்கு நான்காக இரண்டு பக்கம், அகலத்துக்கு இரண்டிரண்டாக இரண்டு பக்கம், மொத்தம் 12 கட்டம். இணைப்புகளை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு மூலையிலும் கேபிள் டை போட்டு இறுக்கி, வால் நீட்டிக்கொண்டிருக்காமல் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

உள்ளே வைக்கிற தொட்டிக்குச் சன்பேக் ஷீட். ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், விளம்பரத் தட்டி செய்கிற, நடுவில் குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை. கட்டங்களை மாட்டி நிறுத்திய பிறகு உள்ளளவை டேப் வைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எனக்கு 56க்கு 28 அங்குலம் வந்தது, கிட்டத்தட்ட 11 சதுர அடி. நான்கு பக்கமும் 6 அங்குலச் சுவர் எழுப்ப வேண்டும், அப்படியானால் ஷீட் 68க்கு 40. எட்டுக்கு நாலு ஷீட்டில் இது அடங்கும். கடையிலேயே வெட்டி வாங்கிவிட்டால் ஆட்டோவில் கொண்டுவரலாம்.

வீட்டில் ஓரத்திலிருந்து 6 அங்குலம் உள்ளே தள்ளி நான்கு பக்கமும் கோடு போடுங்கள். கட்டர் கத்தியை மெதுவாக ஓட்டி மேல் தோலை மட்டும் கீற வேண்டும், அடித்தோல் அறுபடக் கூடாது. மூலைகளில் இருக்கும் நான்கு சதுரங்களிலும் ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக வெட்டிவிட்டால் அது காது போல மடங்கும். கீறிய பக்கம் வெளியே இருக்கும்படி சுவர்களை மடித்துத் தூக்கி, காதுகளை வெளிப்புறம் பேக்கிங் டேப் போட்டு ஒட்டுங்கள். உள்பக்கம் டேப் வேண்டாம், கடித்துத் தின்றுவிடும்.

இதை நான் தரையில் வைக்கவில்லை. பழைய இரும்புக் கட்டில் ஒன்றின் மேல் பலகை போட்டு, அதன் மேல் வைத்திருக்கிறேன். காரணம் எறும்பு. காய்ந்த புல்லும் தீனியும் இருக்கிற இடத்துக்கு எறும்பு வராமல் இருக்காது, எறும்புச் சாக்பீஸோ மருந்துப் பொடியோ கூட்டுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. என் அம்மா பால் வைக்கும் அலமாரிக் காலுக்குச் செய்ததைத்தான் நானும் செய்தேன், நான்கு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம். மூன்று நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டை போடும். பூனை நடமாட்டம் இருந்தால் மேலேயும் கட்டங்களை வைத்து மூடிவிடுங்கள்.

இடம் பார்ப்பதில் எங்கள் ஊர் வெயிலை மறக்கவே கூடாது. கினி பிக்குக்கு 18 முதல் 24 டிகிரி வரை சுகம். 30ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து, அதற்கு வியர்க்காது. வியர்க்காத உடம்புக்கு மின்விசிறிக் காற்று மட்டும் போதாது. மொட்டை மாடி அறை, பால்கனி, மேற்குச் சுவர் ஓரம் எதுவும் ஆகாது. சித்திரை வைகாசியில் மத்தியானம் ஏசி போடுகிறேன். கரண்ட் போனால் தயாராக இருக்கட்டும் என்று இரண்டு தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்திருப்பேன், துணி சுற்றி ஒரு மூலையில் வைத்தால் அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஒரு கிரானைட் துண்டும் உள்ளே கிடக்கிறது. பக்கவாட்டில் நீட்டிப் படுத்து, வேகமாக மூச்சு வாங்கி, எச்சில் வழிந்தால் காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். சமையலறைத் தாளிப்பு நெடி, ஊதுவத்தி, கொசுவத்திப் புகை இவையும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. கொசுவுக்கு வலைதான்.

சரி, இப்போது விரிப்பு.

கம்பித் தரையை எடுத்தவுடன் என் வீட்டுக்காரர் மர அறுவை மில்லிலிருந்து ஒரு மூட்டை மரத்தூள் கொண்டுவந்தார். கோழிக் குஞ்சுக்குப் போடுகிறார்களே என்று பரப்பினோம். இரண்டாம் நாளே மிளகு தும்மத் தொடங்கி, மூக்கோரம் காய்ந்து பொருக்கு கட்டிவிட்டது. நைசான தூள் மூக்கிலும் கண்ணிலும் ஏறும். போதாததற்கு அதில் பிளைவுட், பாலிஷ், பசை எல்லாம் கலந்திருக்கும். மரத்தில்தான் போட வேண்டுமென்றால் நன்றாக உலர்ந்த பைன் சீவலாக, சுருள் சுருளாக, தூசி இல்லாமல் வாங்கிச் சலித்துவிட்டு இரண்டு மூன்று அங்குலம் நிரப்புங்கள். வாசனை தூக்கலாக வரும் தேவதாரு வகை மரம் வேண்டாம். நெல் உமி குத்தும். தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வைக்கோல் தண்டு கண்ணைக் குத்துவதோடு ஈரத்தையும் உறிஞ்சாது. பூனைக்குப் போடும் களிமண் மணலைத் தின்றால் வயிற்றுக்குள் கட்டிக்கொள்ளும். செய்தித்தாள் மட்டும் போட்டால் மூத்திரம் தேங்கி, கால் ஈரத்திலேயே இருக்கும். அடியில் போட அது நல்லது, மேலே வேறு ஏதாவது வேண்டும்.

நான் கடைசியில் துணிக்கு வந்தேன். என் தொழிலும் அதுதான், அதனால் இதை நின்று சொல்கிறேன்.

மேல் துணி போலார் ஃபிளீஸ். ஒற்றைக் கட்டில் போர்வையாகக் கடைகளில் கிடைக்கும். இந்தத் துணி நூலாகப் பிரியாது, மென்மையாக இருக்கும், மேலே விழுந்த ஈரத்தைக் கீழே விட்டுத் தன் மேற்பரப்பைக் காய வைத்துக்கொள்ளும். ஆனால் புதுத் துணியாக இருக்கும்போது அப்படி விடாது, தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நிற்கும். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு மூன்று நான்கு முறை துவைக்க வேண்டும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றுகிற கண்டிஷனரை ஊற்றவே கூடாது, அது நாரின் மேல் படிந்து ஈரத்தைத் தடுக்கும். துவைத்துக் காய்ந்ததும் கீழே ஒரு துண்டை வைத்து மேலே அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய சில நொடியில் இறங்கினால் தயார். நின்றால் இன்னொரு தடவை துவையுங்கள்.

நடுவில் ஈரத்தை உறிஞ்சுவதற்குப் பழைய டர்க்கி டவல், இரண்டு மடிப்பு. பவானி ஜமக்காளம் ஒன்று வீட்டில் இருந்தது, அதையும் போட்டுப் பார்த்தேன். நன்றாக உறிஞ்சியது, ஆனால் துவைத்தால் இரண்டு நாள் ஆகியும் காயவில்லை, எடுத்துவிட்டேன். டவலை மேல்பக்கம் வருகிற மாதிரி ஒருபோதும் போடாதீர்கள், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொள்ளும். அடியில் ஒரு பருத்தித் துணி.

56க்கு 28 தொட்டிக்கு நான் 60க்கு 32 வெட்டுகிறேன். துவைத்த டவல் துணியும் இன்னும் சுருங்கும், ஓரத் தையலுக்கும் இடம் போகும். மூன்றையும் அடுக்கிக் குண்டூசி குத்தி, 16 நம்பர் ஊசி மாட்டி, நீளத் தையல் வைத்து ஓரம் சுற்றி அடியுங்கள். நடுவில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல இரண்டு தையல், அவ்வளவு போதும். குறுக்கும் நெடுக்கும் நிறைய அடித்தால் நூல் பிரியும் இடங்கள் கூடும், பிரிந்த நூல் விரலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். முடித்த பிறகு குண்டூசிகளை எண்ணிப் பாருங்கள். நான் பத்து குத்தினால் பத்தும் டப்பாவுக்குத் திரும்பிய பிறகுதான் விரிப்பைக் கூட்டுக்குள் விடுவேன். மெஷின் இல்லாதவர்கள் தைக்கவே வேண்டாம், அடுக்கி விரித்து ஓரங்களைத் தொட்டிச் சுவரோடு சேர்த்துப் பைண்டர் கிளிப் போட்டால் போதும். கிளிப் போடாமல் விட்டால் அடியில் புகுந்து படுத்துக்கொண்டு மேலேயெல்லாம் மூத்திரம் ஊறிவிடும்.

துணி விரிப்பில் ஒரு தொல்லை, புல் ஒட்டும். அவை தின்றுகொண்டே கழிக்கும் பழக்கமுள்ளவை, புல் இருக்கும் இடத்தில்தான் முக்கால்வாசி மூத்திரமும் விழும். அதனால் ஒரு கோடியில் மூன்று அங்குல உயரப் பிளாஸ்டிக் ட்ரே வைத்து, அடியில் செய்தித்தாள், மேலே மரச்சீவல், அதற்கு மேல் கூடையில் காய்ந்த புல் தொங்கவிட்டேன். இதைச் செய்த பிறகு மற்ற இடத்து விரிப்பு பாதிக்கு மேல் சுத்தமாகவே இருக்கிறது. திமோதி புல் வாங்க முடிந்தால் நல்லது. மருந்து தெளிக்காத இடத்து அருகம்புல்லை அலசிப் பச்சையாகவும் நிழலில் உலர்த்தியும் நான் சேர்த்துத் தருகிறேன். குதிரைமசால் என்கிற தீவனப் பயிரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குட்டிக்கும் சினைக்கும் மட்டும்.

உள்ளே சாமான்கள் குறைவாகப் போதும். ஒளிய ஆளுக்கொரு இடம், இரண்டு வாசல் இருப்பதாக. ஒரே வாசல் என்றால் ஒருத்தி மறித்து நின்றுகொண்டு இன்னொருத்தியை வெளியே விடமாட்டாள். குழந்தைகள் உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூல், பின் எடுத்த அட்டைப் பெட்டி, பனையோலைக் கூடை இவை போதும். பனையோலையைக் கடித்தாலும் கெடுதல் இல்லை. ஓடும் சக்கரம் வெள்ளெலிகளுக்கானது, கினி பிக்கின் முதுகெலும்பு அதில் வளைந்துவிடும்.

காலையில் சின்னத் துடைப்பமும் முறமும் எடுத்தால் புழுக்கை வாரப் பத்து நிமிடம். ஒன்று ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் போடும். கறிவேப்பிலைச் செடிக்கு நேராகவே போடலாம். ட்ரேயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுகிறேன், விரிப்பை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. மாடிக்குக் கொண்டுபோய் நன்றாக உதறிவிட்டு, ஜிப் வைத்த பெரிய தலையணை உறைக்குள் போட்டு மெஷினில் போடுங்கள், முடி மெஷினை அடைக்காது. தொட்டியில் வெள்ளையாகப் படியும் கறை மூத்திரத்தில் வருகிற சுண்ணாம்பு. பாதி வினிகர் பாதி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் உரிந்து வரும். ஃபினாயில் வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு விரிப்பு போதும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு மூன்று தைத்து வையுங்கள், அரை ஈரமாக விரித்தால் பாதம் மறுபடியும் புண்ணாகும்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றிய பிறகு என் மகள் இரண்டையும் ஒவ்வொன்றாக மடியில் துண்டு விரித்து வைத்துக்கொள்வாள். நான் பாதங்களைத் திருப்பிப் பார்ப்பேன். இளஞ்சிவப்பாக, மெத்தென்று இருந்தால் சரி. குதிகால் பக்கம் பளபளப்பாகச் சிவந்திருந்தால் விரிப்புக்குக் கீழே இன்னொரு டவல் சேர்ப்பேன், நகம் வளர்ந்திருந்தால் நுனியை மட்டும் வெட்டிவிடுவேன். பொருக்கோ வீக்கமோ தெரிந்தால் திங்கட்கிழமை காலை மருத்துவரிடம். வெல்லத்தின் இடது பின்னங்காலில் பழைய தழும்பு இன்னும் ஒரு மிளகளவு இருக்கிறது. அதைத்தான் முதலில் பார்ப்பேன்.