வியட்நாம்ல பந்தியில உக்கார்றதுக்கு முன்னாடி

பந்திக்கு முந்துன்னு நம்ம ஊர்ல சொல்வோம்ல, வியட்நாம்காரங்க அதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்லி பிள்ளைங்கள வளக்குறாங்க. 'அன் சோங் நோய், ங்கோய் சோங் ஹூங்'. சாப்பிடும்போது பானைய பாரு, உக்காரும்போது திசைய பாரு. (நோய்னா அங்க பானை, பயந்துறாதீங்க.) பானையில எவ்ளோ மிச்சம் இருக்கு, இன்னும் எத்தன பேர் சாப்பிடணும்னு பாத்துட்டு உன் கிண்ணத்துல போட்டுக்கோ, பெரியவங்க எங்க உக்கார்றாங்கன்னு பாத்துட்டு உன் இடத்த புடி, அவ்ளோதான். அங்க எப்படி நடந்துக்கணும்னு யார் கேட்டாலும் நான் முதல்ல இந்த ஒரு வரிய தான் சொல்வேன். நான் ரெண்டு தடவ போயிருக்கேன், முதல் தடவ தனியா, கண்டதையும் தின்னுட்டு ஜாலியா திரும்பிட்டேன், ரெண்டாவது தடவ முட்டை கூட தொடாத எங்கம்மாவ கூட்டிட்டு போனேன், அப்பதான் நெறைய கத்துக்கிட்டேன்.

முதல்ல ஆள கூப்பிடுற விஷயம். அங்க 'நான்', 'நீங்க'ன்னு பொதுவா ஒரு வார்த்தைய வச்சு ஓட்ட முடியாது, எல்லாமே அண்ணன், அக்கா, தம்பி, சித்தப்பா, அத்த, தாத்தா கணக்கு தான். கொஞ்சம் மூத்த ஆம்பளன்னா 'ஆன்', மூத்த பொண்ணுன்னா 'சி', சின்னவங்கன்னா ஆணோ பொண்ணோ 'எம்', அப்பா அம்மா வயசுன்னா 'சூ', 'கோ', ரொம்ப பெரியவங்கன்னா 'ஓங்', 'பா'. அதனால தான் பாத்த உடனே உங்களுக்கு என்ன வயசுன்னு கேப்பாங்க, கல்யாணம் ஆச்சா, எத்தன பிள்ளைங்கன்னும் கேப்பாங்க. வெள்ளக்காரங்க இதுல ரொம்ப நெளிவாங்க, நமக்கு என்ன, நம்ம ஊர் பஸ்ல பக்கத்து சீட்டு ஆளு கேக்காததா. டக்குனு வயச சொல்லிருங்க, அப்பதான் அவங்களுக்கு உங்கள என்ன சொல்லி கூப்பிடுறதுன்னு தெரியும். ஹோட்டல்ல சப்ளை பண்ற பையனையோ பொண்ணையோ கூப்பிட 'எம் ஒய்!'. அந்த 'ஒய்' நம்ம ஓய் மாதிரியே கூப்பிடுறதுக்கு தான், கொஞ்சம் சத்தமா சொன்னா தப்பே இல்ல, விரல சொடுக்குறதும் உள்ளங்கைய மேல காட்டி ஒத்த விரல ஆட்டி கூப்பிடுறதும் தான் தப்பு. கைய காட்டணும்னா உள்ளங்கை கீழ பாக்குற மாதிரி ஆட்டுங்க. இன்னொண்ணு, 'நல்லது நடக்கட்டும்'னு ரெண்டு விரல பின்னி காட்டுற பழக்கம் இருந்தா ஏர்போர்ட்லயே விட்டுட்டு போயிருங்க, அங்க அது பச்சையான கெட்ட சைகை.

நேரம் ரொம்ப முக்கியம், இத யாரும் சொல்றதில்ல. நம்மாளுங்க காலைல ஒம்பதரைக்கு டிபன், ரெண்டு மணிக்கு சாப்பாடு, ராத்திரி ஒம்பதுக்கு மேல டின்னர்னு இருப்போம். அங்க விடிஞ்சும் விடியாம ஃபோ (அரிசி நூடுல்ஸ் போட்ட சூப்பு) கடையில கூட்டம் நிக்கும், நல்ல கடைன்னா காலைலயே அண்டா காலி ஆயிரும். மத்தியானம் பதினொண்ணரைக்கு சாப்பாடு, அப்புறம் ஒரு குட்டித்தூக்கம், கடைக்காரரே கடைக்குள்ள ஊஞ்சல் துணிய கட்டி தூங்குவாரு, எழுப்பாதீங்க. ராத்திரி சாப்பாடு ஆறு, ஏழு மணிக்கு. பெரிய ஊர்ல தெருக்கடை லேட்டா வரைக்கும் இருக்கும், சின்ன ஊர்ல எட்டரைக்கு போய் நின்னா ஷட்டர பாத்துட்டு வர வேண்டியது தான்.

தெருக்கடைன்னா நம்ம எல்கேஜி பிள்ளைங்க உக்கார்ற மாதிரி குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல், முட்டி நெஞ்ச தொடும், அப்படித்தான். ஒரு கடையில பெரும்பாலும் ஒரே ஐட்டம் தான் இருக்கும், அதனால மெனு கேட்டு நிக்காதீங்க, விரல காட்டி எத்தன பேர்னு சொன்னா போதும். உக்காந்ததும் குச்சியையும் ஸ்பூனையும் டிஷ்யூ வச்சு ஒரு தடவ தொடைக்கிறது அங்க எல்லாரும் பண்றது, கடைக்காரங்க கோச்சுக்க மாட்டாங்க. டேபிள்ல பிளாஸ்டிக் கவர்ல ஒரு ஈரத்துணி வைப்பாங்க, சில கடையில வேர்க்கடலையும் கேக்காமயே வரும், ரெண்டுமே ஃப்ரீ இல்ல, பிரிச்சா பில்லுல ஏறும். சின்ன காசு தான், ஆனா தெரியாம 'ஏமாத்துறீங்களா'ன்னு சண்டைக்கு போயிறாதீங்க. ஃபோல வடக்குக்கும் தெற்குக்கும் பெரிய வித்தியாசம், ஹனோய்ல தெளிவான சூப்பு, மேல கொஞ்சம் வெங்காயத்தாள், அவ்ளோதான், சைகான்ல (இப்ப ஹோ சி மின் சிட்டி) ஒரு தட்டு நெறைய பச்ச இலை, முளகட்டின பயறு, சாஸ் எல்லாம் தனியா வரும், நீங்களே கலந்துக்கணும். எதா இருந்தாலும் முதல்ல சூப்ப ஒரு வாய் குடிச்சு பாருங்க, அப்புறம் மிளகாயும் எலுமிச்சையும் போடுங்க. ருசியே பாக்காம சாஸ அமுக்குனா சமைச்சவங்க மூஞ்சி போற போக்கு தெரியும்.

வீட்டுல சாப்பிட கூப்பிட்டாங்கன்னா தான் நிஜமான பரீட்சை. வடக்குல நின் பின்ங்கிற ஊர் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேல தங்கியிருந்தோம், ராத்திரி அவங்க குடும்பத்தோடயே தரையில பாய் விரிச்சு, நடுவுல பெரிய வட்ட தாம்பாளம், சுத்தி நாங்க. சோத்துப்பானை மருமக பக்கத்துல. எல்லாரும் உக்காந்தாச்சு, சாப்பாடு ஆவி பறக்குது, நான் குச்சிய கைல எடுத்துட்டேன், பாத்தா யாருமே தொடல. அந்த வீட்டு ஏழெட்டு வயசு பையன் தாத்தாவ பாத்து, தாத்தா சாப்பிடுங்கன்னு சொல்றான், அடுத்து பாட்டி, அப்பா, அம்மா, கடைசியா எங்கள பாத்தும், ஸ்கூல்ல உறுதிமொழி ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சுல, கண்ணு மட்டும் பொரிச்ச மீன் மேலயே இருக்கு. இத 'மோய்'னு சொல்றாங்க, சின்னவங்க பெரியவங்கள அழைக்கிறது, வடக்குல இது ரொம்ப கெட்டியா இருக்கு, தெற்குல அவ்ளோ பாக்க மாட்டாங்க. நான் எடுத்த குச்சிய நைசா கீழ வச்சுட்டேன். நீங்க அந்த தப்பு பண்ணாதீங்க, வயசுல பெரியவர் குச்சிய எடுக்குற வரைக்கும் கைய மடியில வச்சுக்கோங்க.

அப்புறம் சாப்பிடுற முறை. சோத்துக்கிண்ணத்த இடது கைல தூக்கி வாய் கிட்ட கொண்டு போகணும், நம்ம ஊர்ல தட்ட தூக்குனா அடி விழும், அங்க கிண்ணத்த டேபிள்ல வச்சுட்டு குனிஞ்சு சாப்பிட்டா தான் ஒரு மாதிரி பாப்பாங்க. நடுவுல இருக்குற கறியையோ கீரையையோ நேரா வாய்க்கு கொண்டு போகக்கூடாது, முதல்ல உங்க கிண்ணத்து சோத்து மேல வச்சு அப்புறம் தான் சாப்பிடணும், ஒரு தடவைக்கு ஒரு துண்டு. தட்டுல கிளறி நல்ல துண்டா தேடுறது மகா கேவலம். அடுத்தவங்களுக்கு எடுத்து வைக்கணும்னா குச்சிய திருப்பி வாய் படாத முனையால எடுத்து வைங்க, அந்த பாட்டி எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் குச்சிய சுழட்டி சுழட்டி கீரைய வச்சாங்க, அம்மாவுக்கு எச்சில் பாக்குற பழக்கம் இருக்குறதால அந்த ஒரு விஷயத்துலயே அந்த வீடு புடிச்சு போச்சு. குச்சிய சோத்துல செங்குத்தா குத்தி நிறுத்தவே கூடாது, இறந்தவங்களுக்கு படைக்கும்போது ஊதுபத்தி நிறுத்துற மாதிரி இருக்கும். கிண்ணத்துல தட்டி சத்தம் பண்றது, ஒருத்தர் குச்சியில இருந்து இன்னொருத்தர் குச்சிக்கு மாத்துறது ரெண்டும் கூடாது. கடைசியா 'கான்'னு ஒரு தண்ணி சூப்பு, மிச்ச சோத்துல ஊத்தி முடிப்பாங்க, நம்ம ரசம் சோறே தான். கிண்ணத்துல சோறு மிச்சம் வைக்காதீங்க, போதும்னா குச்சிய கிண்ணத்து மேல படுக்க வச்சிருங்க. சோத்துக்கு அங்க இருக்குற மரியாதைய கேளுங்க, வயல்ல இருக்கும்போது 'லுவா', உமி போனா 'காவ்', வெந்தா 'கம்'. நெல்லு, அரிசி, சோறு. இங்கிலீஷ்ல மூணுக்கும் ஒரே வார்த்தை தான் பாவம். 'அன் கம் சுவா', அதாவது சோறு சாப்ட்டாச்சான்னு கேட்டா அது குசலம் விசாரிக்கிறது, இல்லன்னு சொல்லிட்டு சாப்பாட்டுக்கு காத்திருக்காதீங்க.

இப்ப வெஜிடேரியன் விஷயத்துக்கு வருவோம், இதுல தான் நாங்க செமயா அடி வாங்கினோம். டா நாங்ல ஒரு ஹோட்டல்ல கறி வேணாம், மீன் வேணாம்னு தெளிவா சொல்லி டோஃபுவும் கீரையும் வாங்கி அம்மா நல்லா சாப்ட்டாங்க, பாதி தட்டு முடிஞ்சப்ப தொட்டுக்க வச்ச கிண்ணத்த மோந்து பாத்துட்டு இது என்ன நெத்திலி வாடைன்னாங்க. நெத்திலி தான். 'நூக் மாம்'ங்கிற மீன் சாஸ், நெத்திலியையும் உப்பையும் பீப்பாயில போட்டு ஒரு வருஷம் போல ஊறவச்சு வடிக்கிறது, ஃபூ குவோக் தீவு அதுக்கு பேர் போன இடம். கடைக்காரங்கள குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கு அது மீன் இல்ல, நமக்கு உப்பு மாதிரி. கறி இல்லாத ஐட்டத்துலயும் அது இருக்கும், சூப்பு எலும்புல வெந்திருக்கும், 'ஹாத் நெம்'னு போடுற மசாலா தூள்ல பன்னி எலும்பு சாறு இருக்கும்.

அதனால 'கறி வேணாம்'னு சொல்றது வேலைக்கு ஆகாது, சொல்ல வேண்டிய வார்த்தை 'சய்', அதாவது சைவம். நம்ம வடக்க டீக்கு சொல்ற சாய் மாதிரி தான் காதுல விழும், ஆனா ராகம் ஏறாம இறங்காம சமமா சொல்லணும், ஏத்தி சொன்னா கருகிப்போச்சுன்னு அர்த்தம், அமுக்கி சொன்னா ஓடுன்னு அர்த்தம். நான் கடைக்கு கடை போய் எங்கம்மா கருகிட்டாங்கன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். போன்ல வியட்நாமீஸ்ல டைப் பண்ணி பெருசா காட்டிருங்க, 'நாங்க சய் சாப்பிடுறவங்க, மீன் சாஸ் வேணாம்'னு ரெண்டு வரி போதும். அத விட சுலபம், போர்டுல சய்னு எழுதியிருக்குற கடையா பாத்து போறது. இது புத்த மத பழக்கம், அமாவாசை பௌர்ணமிய ஒட்டி, அதாவது அவங்க சந்திர மாசத்துல 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் நெறைய பேர் சய் தான் சாப்பிடுவாங்க, அன்னைக்கு சாதா கடையில கூட கிடைக்கும். கோயில் நெறைஞ்ச ஹுவே ஊர்ல சய் சாப்பாடு ரொம்ப ஃபேமஸ். மெனுவுல மாட்டுக்கறி, கோழின்னு போட்டிருந்தாலும் பின்னாடி சய் இருந்தா அது டோஃபுவுலயோ கோதுமை பசையிலயோ செஞ்ச போலி கறி, பயம் இல்ல, ஆனா அம்மா மாதிரி ஆளுங்களுக்கு பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். அம்மாவுக்கு புடிச்சது சய் பான் செயோ தான், அரிசி மாவு, மஞ்சத்தூள், தேங்காப்பால் போட்டு மொறுமொறுன்னு ஊத்துற தோசை, அத பிச்சு கீரையில சுருட்டி கையாலயே சாப்பிடலாம். மாடு சாப்பிடாதவங்களுக்கு ஒரு டிப்ஸ்: 'போ'ன்னா மாடு, 'ஹெயோ'ன்னா தெற்குல பன்னி, வடக்குல அதுவே 'லொன்'. கோழியும் மீனும் நம்ம எழுத்துல எழுதினா ரெண்டும் 'கா' தான், உச்சரிப்பு வேற, நம்ம வாய்க்கு வராது, படத்த காட்டுங்க.

குடி பத்தி சுருக்கமா. 'பியா ஹொய்'னு அன்னன்னைக்கு வடிச்ச லைட்டான பீர், தெருவோரம் கிளாஸ்ல குடுப்பாங்க. 'மோத், ஹாய், பா, யோ!'ன்னு ஒண்ணு ரெண்டு மூணு எண்ணி கத்தி கிளாஸ இடிப்பாங்க, பெரியவங்க கூட இடிக்கும்போது உங்க கிளாஸ் விளிம்பு அவங்களோடத விட கீழ இருக்கணும். 'சம் ஃபன் சம்'னா நூத்துக்கு நூறு, முழுசா காலி பண்ணுன்னு அர்த்தம். குடிக்காதவங்க கடைசி நேரத்துல மறுக்காதீங்க, முதல்லயே சொல்லிட்டு டீய தூக்கி இடிங்க, ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. காபி பிரியர்களுக்கு சொர்க்கம், கண்டென்ஸ்டு மில்க் போட்ட ஐஸ் காபி ஒரு பக்கம், ஹனோய்ல 1946ல பால் தட்டுப்பாட்டுல மஞ்சக்கருவ அடிச்சு ஆரம்பிச்ச முட்ட காபி இன்னொரு பக்கம். பில்ல பொறுத்தவரைக்கும் கூப்பிட்டவங்க தான் கட்டுவாங்க, டேபிள்ல போன எடுத்து ஆளுக்கு எவ்ளோன்னு கணக்கு போடாதீங்க, அடுத்த தடவ காபிக்கு நீங்க கூப்பிட்டு கட்டிருங்க. டிப்ஸ் கட்டாயம் இல்ல. காசோ கார்டோ கிஃப்ட்டோ ரெண்டு கையாலயும் குடுங்க, முக்கியமா பெரியவங்களுக்கு.

அங்க காசுக்கு பேரு டாங், அந்த நோட்டுல மூணு சைபர வெட்டிட்டு மூணு, மூணரையால பெருக்குனா தோராயமா ரூபா வந்துரும், 50,000 டாங்னா 150, 175 ரூபா. 20,000 நோட்டும் 500,000 நோட்டும் ரெண்டும் நீலம், இருட்டுல டாக்ஸிக்கு குடுக்கும்போது சைபர எண்ணுங்க. மார்க்கெட்ல பேரம் பேசலாம், ஆனா காலைல கடை தொறந்த உடனே போய் பேசிட்டு வாங்காம வராதீங்க. நம்ம ஊர் போணி சமாச்சாரம் அப்படியே அங்க இருக்கு, 'மோ ஹாங்'னு பேரு, முதல் கஸ்டமர் சும்மா போனா நாள் பூரா வியாபாரம் படுக்கும்னு சில பேர் பேப்பர கொளுத்தி திருஷ்டி கழிப்பாங்க. என்ன ஆனாலும் குரல ஒசத்தாதீங்க, நாலு பேர் முன்னாடி சத்தம் போட்டா அவங்களுக்கு மானம் போச்சு, அதுக்கப்புறம் காரியம் நடக்காது, சிரிச்சுக்கிட்டே மறுபடி மறுபடி கேட்டா நடக்கும்.

வீட்டுக்குள்ளயும் கோயிலுக்குள்ளயும் செருப்ப கழட்டணும், தோளும் முட்டியும் மூடியிருக்கணும், இதெல்லாம் நமக்கு சொல்லவே வேணாம். சின்ன பிள்ளைங்கள தலையில தட்டி கொஞ்சாதீங்க. எந்த வீட்டுக்கு போனாலும் முன்னோருக்கு ஒரு படையல் மேடை இருக்கும், அதுக்கு முதுகையோ கால் பாதத்தையோ காட்டி உக்காராதீங்க. சைகான்ல 'பென் தான்'ங்கிற மார்க்கெட்டுக்கு நடக்குற தூரத்துல, சுவாங் தின் தெருவுல மாரியம்மன் கோயில் இருக்கு, போன நூத்தாண்டுக்கும் முன்னாடி தமிழ் வியாபாரிங்க கட்டினது, இப்ப கும்பிட வர்றவங்கள்ல பெரும்பாலும் வியட்நாம்காரங்க தான். கருவறைக்கு பின்பக்க கல்லு சுவத்துல நெத்திய வச்சு வேண்டுதல முணுமுணுப்பாங்க, நம்ம கோயில் தானேன்னு நீங்க அத கேலியா போட்டோ எடுக்காதீங்க.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ தெத் எப்பன்னு பாத்துருங்க, அது அவங்க புது வருஷம், 2027ல பிப்ரவரி 6. அந்த சமயம் கடை பாதி மூடியிருக்கும், பஸ் ரயில் எதுவும் கிடைக்காது, ஊரே சொந்த ஊருக்கு கிளம்பியிருக்கும். முதல் நாள் காலைல கூப்பிடாம யார் வீட்டு வாசலையும் மிதிக்காதீங்க, முதல்ல யார் உள்ள வர்றாங்களோ அவங்க ராசி தான் அந்த வீட்டுக்கு வருஷம் பூரான்னு நம்புவாங்க, யார் வரணும்னு முன்னாடியே ஆள் பேசி வச்சிருப்பாங்க.