ட்ரக்கியாஸ்டமி: மூச்சுக்குழாயைக் கெடுக்காமல் திறக்க

தொப்பூர் கணவாயில் அடிபட்டு வருகிறவர்கள், பூச்சிமருந்து குடித்து வென்டிலேட்டரில் கிடப்பவர்கள் என்று தர்மபுரிப் பக்கம் ட்ரக்கியாஸ்டமிக்குப் பஞ்சமில்லை. கை சீக்கிரம் பழகிவிடும், ஆனால் வேகம் வந்த கைதான் மூச்சுக்குழாயைக் கிழிக்கிறது. சீனியர் பக்கத்தில் இருக்கும்போதே இதையெல்லாம் பழகிக்கொள்ளுங்கள்.

தோளுக்கடியில் துணிச்சுருள் வைத்துக் கழுத்தை நீட்டுங்கள். விபத்துக் கேஸ் என்றால், கழுத்தெலும்பு சரியாக இருக்கிறது என்று உறுதியாகும்வரை நீட்டவே கூடாது. கிரிகாய்டை (குரல்வளையின் அடியில் இருக்கும் குருத்தெலும்பு வளையம்) தொட்டுப் பார்த்துக் குறித்த பிறகே கத்தி. ரிட்ராக்டரை (வெட்டை விரித்துப் பிடிக்கும் கருவி) ஒருவர் கொஞ்சம் ஓங்கி இழுத்தாலும் மூச்சுக்குழாய் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும், நாமோ நடுவில்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு வெட்டுவோம். அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

திறப்பது மூச்சுக்குழாயின் 2-3 அல்லது 3-4 குருத்தெலும்பு வளையங்களுக்கு நடுவே. முதல் வளையத்தைத் தொட்டால் குரல்வளைக்குக் கீழே பின்னால் சுருக்கம் வரும், ரொம்பக் கீழே போனால் பெரிய ரத்தக்குழாய் அரிபடும்.

திறக்கும் முன் மயக்க டாக்டரிடம் சொல்லி ஆக்சிஜனைக் குறைக்கச் சொல்லுங்கள். டயதெர்மியால் (மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கருவி) திறக்காதீர்கள், தீப்பிடிக்கும். கத்தியின் நுனி மட்டும் போதும், ஏனென்றால் பின்சுவரில் குருத்தெலும்பு கிடையாது, அதற்கு அடுத்தது உணவுக்குழாய், நோயாளி இருமினால் அந்தச் சுவர் முன்னால் எம்பி வரும். வாய்வழிக் குழாயை ஓட்டைக்கு மேலே வரும்வரை மட்டும் இழுக்க வேண்டும். ஓட்டையில் புதுக் குழாயைப் போட்டு, கேப்னோகிராபில் (வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) அலை தெரிந்த அப்புறம்தான் பழையதை முழுசாக எடுப்பது. புதுக் குழாய் தவறான இடத்தில் போயிருந்தால் பழையதைத் திரும்ப இறக்கலாம் அல்லவா?

புதுக் குழாய் உள்ளே போகாமல் சிக்கினால் அழுத்தாதீர்கள், ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். முட்டித் தள்ளினால் வளையம் உடைந்து உள்ளே மடியும். குழந்தைக்கு மூச்சுக்குழாயில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டு வெட்டு, குருத்தெலும்பை வெட்டி எடுக்கக் கூடாது, வெட்டின் இருபுறமும் தையல் போட்டு நூலை மார்பில் ஒட்டி இடது, வலது என்று எழுதிவிடுங்கள்.

கஃப் (குழாயைச் சுற்றி உள்ளே ஊதி நிற்கும் பை) அழுத்தம் 20-30 செ.மீ. நீர். வெளியே தெரியும் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்வது வெறும் யூகம்தான், ஷிப்டுக்கு ஒருமுறை மானோமீட்டர் (அழுத்தமானி) வையுங்கள். வென்டிலேட்டர் குழாய் தொங்கி இழுத்தாலும் உள்ளே புண்ணாகும், அதைத் தாங்கி வையுங்கள்.

எந்த வளையம், என்ன வெட்டு, தையல் எங்கே என்று ஆபரேஷன் நோட்டில் எழுதுங்கள். நடுராத்திரி குழாய் கழன்றால் டூட்டி டாக்டர் அதைத்தான் புரட்டுவார்.