7ஆம் வாய்ப்பாடு தாளத்துல வந்துருச்சு

மேலூர் பக்கம் எங்க வீட்டுத் திண்ணைல தெருப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்குறேன். 2, 5, 10 வாய்ப்பாடெல்லாம் மளமளன்னு சொல்லுவாங்க, 7 வந்தா மட்டும் நாலேழுல நின்னுருவாங்க. கர்நாடக சங்கீதத்துல வர்ற மிஸ்ர சாப்பு தாளத்துல போட்டுப் பாத்தேன், அந்தத் தாளத்துக்கு 3+4ன்னு மொத்தம் 7 எண்ணிக்கை, அதனால "தகிட"க்கு மூணு காலடி முன்னாடி, "தகதிமி"க்கு நாலு காலடி பக்கவாட்டுல வச்சு, கையத் தட்டிக்கிட்டே ஒவ்வொரு சுத்து முடியவும் 7, 14, 21, 28ன்னு சத்தமா சொல்லணும். மெதுவா ஆரம்பிங்க, வேகமா போனா எண்ணிக்கை மனசுல நிக்காது. வாயே திறக்காத ஒரு பாப்பா இப்ப 56ன்னு கத்துது, கேக்க அம்புட்டு சந்தோசமா இருக்கு!

வகுத்தலுக்கு பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டைன்னா மொத்தம் 70, ஆளுக்கு 35, அத 7 குழிக்குப் பிரிச்சா திரும்ப 5, கொட்டைய எண்ணிப் போடும்போதே பெருக்கலத் திருப்புனா வகுத்தல்னு அவங்களே சொல்லிட்டாங்க. பலகை இல்லாட்டி மண்ணுல குழி தோண்டிக்கலாம். அடுத்து குழிக்கு 6 போடச் சொல்லுங்க, 84ஐ நீங்க சொல்லாதீங்க, அவங்களே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும்.